என்ஜின் கழுவிய மத்தியானம்

அன்றைக்கு எங்கள் வாசலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா. பஞ்சு முதலாளியின் கார் டிரைவர்.

அம்மா. அடுப்படியில் இருந்தாள்.

தம்பி. நடை பழகாத பிள்ளை. தூளியில் கிடந்தான்.

கணக்கப்பிள்ளை. முதலாளி அனுப்பிய ஆள். எங்கள் வீட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நான். எட்டு வயது இருக்கும். கந்தல் துணி எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு.

கார். அதையும் ஓர் ஆளாகத்தான் எண்ண வேண்டும். எங்கள் வீட்டில் அது இல்லாமல் பேச்சே கிடையாது.

சாயங்காலம் வந்தவர்கள் மூன்று பேர். அவர்கள் வரும்போது சொல்கிறேன்.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தின ஒரு கோடை அது. கத்திரி வெயில். தல்லாகுளத்துக்கு வடக்கே, வயற்காட்டை ஒட்டி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். முதலாளி வீடு டவுனுக்குள். அந்தத் தெருவில் இரண்டு மாட்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். காரை எங்கே நிறுத்துவது? அதனால் எங்கள் வாசலில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக் காரை விட்டிருந்தார். ராத்திரி அதற்குக் காவலும் அப்பாதான்.

நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலத்துக் கார் ஞாபகம் இருக்கும். முன் மூடி இப்போது போல ஒரே பலகையாக இராது. இரண்டு பக்கமும் மடித்துத் தூக்க வேண்டும். கோழி செட்டையை விரித்த மாதிரி நிற்கும். ரப்பர் குமிழை அமுக்கினால் ஊதுகிற ஹாரன். அந்தக் குமிழில் அப்பாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. தம்பி அழுதால் அப்பா அவனைத் தூக்கிப் போய் அதை அமுக்க விடுவார். அழுகை நின்றுவிடும்.

அப்பா உடம்பில் எப்போதும் எண்ணெய் வாடை. சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டினால் சோற்றிலும் அந்த வாடை வரும். எனக்கு அது பிடிக்கும். அம்மாவுக்குப் பிடிக்காது.

பஞ்சு வியாபாரம் படுத்துவிட்டது. முதலாளி காரை விற்கப் போகிறார் என்று அந்த மாசத் தொடக்கத்திலேயே பேச்சு வந்தது. கார் போனால் டிரைவர் எதற்கு? முதலாளி அதை நேராகவே சொல்லிவிட்டார். அப்பாவுக்கு வேறு வேலை தெரியாது. கார் ஓட்டும் வேலை ஊரில் எண்ணி எடுக்கிற அளவுதான் இருந்தது. ஒன்று காலியானால் அதற்கு இருபது பேர் நிற்பார்கள்.

இதில்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டு கணக்கு.

அம்மா சொன்னாள். "கெடக்குறபடி கெடக்கட்டும். அழுக்கா இருந்தா வாரவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவான். கார் இங்கனயே கெடக்கும். நீங்களும் இருப்பீக."

அப்பா சொன்னார். "போடி கூறுகெட்டவளே. இவன் வாங்கலைன்னா இன்னொருத்தன் வாங்குவான். வாங்குறவன் மூடியத் தூக்கிப் பாக்கும்போது, இம்புட்டுச் சுத்தமா வச்சிருந்தவன் யாருடான்னு கேக்கணும். கேட்டான்னா காரோட நானும் போயிருவேன். நீங்களும் வரலாம்."

"கேக்கலைன்னா?"

"கேப்பான்."

இந்தப் பேச்சு நாலைந்து நாள் நடந்தது. முடிவு இல்லாமல் நின்றது.

அன்றைக்குக் காலையில் முதலாளியை ஏற்றிக்கொண்டு அப்பா உசிலம்பட்டி போயிருந்தார். உச்சிப் பொழுதில் திரும்பினார். முதலாளியை டவுனில் இறக்கிவிட்டு, கணக்கப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்தார். கணக்கப்பிள்ளை கையில் ஒரு பெட்ரோல் டின்.

"மேலூர்க்காரரு நாலு மணிக்குக் கார் பாக்க வாராரு. என்ஜினக் கழுவி வைக்கச் சொல்லி முதலாளி உத்தரவு. சீமெண்ணெய் போட்டா எப்பக் காயுறது? இதப் போட்டுக் கழுவு. பட்டுனு காஞ்சுரும்" என்றார்.

அப்பா மூடியின் இரண்டு பக்கத்தையும் தூக்கினார். அனல் அடித்தது. உசிலம்பட்டிப் புழுதி எண்ணெயில் ஒட்டி, தோசைக்கல் விளிம்பில் இருக்கிற கறை மாதிரி கட்டி கட்டியாக இருந்தது. அப்பா செம்பில் கையை நனைத்து இரும்பு மேல் உதறினார். துளிகள் சுர்ரென்று துள்ளிக் காணாமல் போயின.

"ஆறணும்" என்றார்.

"என்னய்யா ஆறணும்? தண்ணிய ஊத்துனா ஆறிட்டுப் போவுது."

"சூட்டுல தண்ணி பட்டா இரும்பு விரிசல் விட்ரும் ஐயா. பெட்ரோலு பட்டா நாம போய்ருவோம்."

கணக்கப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. "டிரைவரே, உம்ம தோது பாத்து மேலூர்க்காரரு வரமாட்டாரு" என்றார். முக்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காத்திருந்தோம். வெயில் கொட்டகைக் கீற்றுக்குள் புகுந்து தரையில் புள்ளி புள்ளியாகக் கிடந்தது. அப்பா சும்மா இருக்கவில்லை. பேட்டரி வயரைக் கழற்றி, அதன் நுனியில் துணி சுற்றி ஒதுக்கினார். பெட்ரோலும் காற்றும் கலந்து போகிற வாயில் கந்தலைத் திணித்து அடைத்தார். பிறகு பழைய டியூபை வெட்டி, என்ஜின் தலையில் இருக்கிற ஒரு கறுப்பு டப்பாவுக்குத் தொப்பி போட்ட மாதிரி மாட்டி, சணல் கயிற்றால் கட்டினார். உருவு முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். அப்பா எதைக் கட்டினாலும் அந்த முடிச்சுதான்.

அந்த டப்பாவுக்கு இங்கிலீஷில் ஒரு பேர் உண்டு. எனக்கு வாயில் நுழையாது. பொறி டப்பா என்று சொல்லிக்கொள்வோம். அங்கேயிருந்துதான் என்ஜினுக்குத் தீப்பொறி போகும். அதற்குள் ஈரம் போனால் கார் கிளம்பாது.

இது எனக்குத் தெரிந்தது முந்தின ஐப்பசியில். நல்ல மழை. கார் வாசலிலேயே நின்றுவிட்டது. முதலாளிக்கு ரயிலுக்கு நேரம். அப்பா பொறி டப்பாவின் இரண்டு பக்கக் கவ்வியைத் தட்டி மூடியை எடுத்தார். அம்மா பக்கத்தில் தாழங்குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் முந்தானையில் காய்ந்த பக்கத்தைக் கொடுத்தாள். அப்பா உள்ளே துடைத்தார். மூடினார். கார் கிளம்பிவிட்டது. "பொட்டு ஈரம் போதும், ஆளையே நிறுத்திப்புடும்" என்றார் சிரித்துக்கொண்டே. அம்மாவும் சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே கார் வேலை அதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன்.

இரும்பு ஒருவழியாக ஆறியது. புறங்கையை வைத்தால் தாங்குகிற சூடு. நேரம் போய்விட்டது. அப்பா கொட்டகையிலிருந்த சீமெண்ணெயைத் தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தார். மூங்கில் சிம்பால் சந்துகளைச் சுரண்டினார். புழுதி குழைந்து கறுப்புக் கூழாக வடிந்தது. கீழே தகரத் தட்டு. நான் கந்தலைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மூலையில் இறுகிப் போன கட்டி மட்டும் அசையவில்லை. அதற்குப் பெட்ரோல் இல்லாமல் ஆகாது. அப்பா டின்னைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். எங்கள் அடுப்படி கொட்டகையிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். கதவு கிடையாது.

"அடுப்ப அணை" என்றார்.

அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். "சோறு பாதிதான் வெந்திருக்கு. செத்த பொறுங்க. வடிச்சிட்டு வெறக வெளிய இழுத்துப் போட்டுர்றேன்."

"பொறுக்க நேரமில்ல."

"பிள்ளைக பட்டினி. ஒரு கொதி வரட்டும்."

கணக்கப்பிள்ளை சிரித்தார். "என்ன டிரைவரே, வீட்டுல உம்ம ஹாரன் கேக்கலையோ?"

அப்பா செம்பை எடுத்தார். அடுப்படிக்குள் போனார். எரிகிற அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார்.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சாம்பல் பொங்கிச் சோற்றுப் பானை மேல் விழுந்தது. புகை. தம்பி இருமினான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். விறகை இழுத்து மண்ணில் குத்தி அணைப்பார்கள். தண்ணீர் ஊற்றுவது வீட்டைக் காலி செய்து போகிற மாதிரி. அம்மா ஈரச் சாம்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா திரும்பி வந்தார். டின்னைத் திறக்கப் போனவர் நின்றுவிட்டார். கணக்கப்பிள்ளை சுருட்டுப் பற்ற வைத்திருந்தார்.

அப்பா டின்னைத் தூக்கிக்கொண்டு கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போனார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன நின்னுட்டீரு?"

"நீங்க முடிங்க ஐயா."

"எதை?"

"சுருட்ட."

"நான் பாட்டுக்கு இங்கன குடிக்கிறேன். நீரு பாட்டுக்கு அங்கன செய்யும்."

"முடிங்க ஐயா. நிக்கிறேன்."

கணக்கப்பிள்ளை முடிக்கவில்லை. அது நீளச் சுருட்டு. ருசித்துக் குடித்தார். பஞ்சு விலை பேசினார். புகையை வளையமாக விட்டு எனக்குக் காட்டினார். அப்பா வெயிலில் நின்றார். கணக்கப்பிள்ளை முதலாளியின் ஆள். பிடுங்கி எறிய முடியாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கீற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அம்மா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். இதைப் பார்த்தாள். கடைசி வரைக்கும் பார்த்தாள். பிறகு யாருக்கும் இல்லாமல் சொன்னாள்.

"அடுப்புக்குப் பொறுக்கல. சுருட்டுக்குப் பொறுக்குது."

அப்பா காதில் அது விழுந்தது. திரும்பவில்லை.

சுருட்டு முடிந்தது. கட்டையை அப்பாவே வாங்கிப் போய் வாய்க்கால் சகதியில் புதைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் வேலை செய்த வேகத்தை நான் மறுபடி பார்த்ததில்லை. பெட்ரோலைத் துணியில் மட்டும் நனைத்தார். ஊற்றவில்லை. துடைத்த துணியை உடனே வெளியே வெயிலில் எறிந்தார். என்னை எட்டி நிற்கச் சொன்னார். வாடை தலைக்கு ஏறியது. பிறகு சவுக்காரத் தண்ணீரில் துணியைப் பிழிந்து பிழிந்து துடைத்தார். அதையும் ஊற்றவில்லை. கடைசியில் காய்ந்த துணி. பித்தளைக் குழாய் பளீரென்று வந்தது. இரும்பு நீலம் பூத்துக் கிடந்தது. நான் அப்படி ஓர் என்ஜினைப் பார்த்ததே இல்லை. அப்பா கையில் கறுப்பு ஏறி, ரேகை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"கொஞ்சம் காத்தாட இருக்கட்டும். குளிச்சிட்டு வாரேன்" என்று கிணற்றுக்குப் போனார். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கணக்கப்பிள்ளை தெரு முனைக்குப் போனார், வண்டி வருகிறதா என்று பார்க்க.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் செம்பு. கொட்டகைக்குள் நான் ஒருத்திதான் இருந்தேன். என்னைப் பார்த்தாள். ஒளிக்கவில்லை. சணல் கயிற்றை இழுத்து அவிழ்த்தாள். டியூபை எடுத்தாள். இரண்டு கவ்வியையும் தட்டினாள். மூடியை எடுத்துத் தண்ணீரை ஊற்றினாள். மூடினாள். வெளியே வழிந்ததைத் துடைத்தாள். டியூபை மாட்டிக் கட்டினாள்.

"தம்பி தூளிய ஆட்டு" என்றாள் என்னிடம். போய்விட்டாள்.

எனக்கு அப்போது பயம்தான். கார் கிளம்பாது, மேலூர்க்காரர் போய்விடுவார், அப்பா வேலை நிலைக்கும். அம்மா கணக்கு எனக்குப் புரிந்தது. அப்பா கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை. தூளியை ஆட்டினேன். தம்பி தூங்கவில்லை.

அப்பா தலையை வாரிக்கொண்டு வந்தார். கந்தலை உருவினார். பேட்டரி வயரை மாட்டினார். பொறி டப்பாக் கயிற்றின் நுனியை இழுத்தார். அவிழவில்லை. மறுபடி இழுத்தார். குனிந்து பார்த்தார். அது உருவு முடிச்சு இல்லை. இரட்டை முடிச்சு. கிணற்றுக் கயிற்றில் வாளியைக் கட்டுகிற முடிச்சு.

அதற்குள் தெருவில் சத்தம். "வந்துட்டாக, வந்துட்டாக" என்று கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். அப்பா பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார். டியூபை மட்கார்டு மேல் போட்டார். நேரே நின்றார்.

ஜட்கா வண்டியில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். முதலாளி. மேலூர்க்காரர், காதில் கடுக்கன், தோளில் நீளத் துண்டு. அவர் கூட்டி வந்த மெக்கானிக் ராவுத்தர். டவுன்காரர். ஒல்லி. சட்டைப் பையில் ஸ்பேனர்.

மேலூர்க்காரர் காரைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். ஹாரனை அமுக்கினார். பிறகு என்ஜினை எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன ராவுத்தரே, நம்ம வீட்டு நெய்ச் சொம்பு கூட இம்புட்டுச் சுத்தமா இருக்காதேய்யா?"

ராவுத்தர் விரலால் ஓர் இடுக்கைத் தடவிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "நல்ல கை. ஹயாத்துள்ள வண்டி, ஆயுசு கெட்டி" என்றார். அப்பாவைப் பார்த்து, "நீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"ஆமண்ணே."

மேலூர்க்காரர் முதலாளி பக்கம் திரும்பினார். "மாப்ள, எங்கிட்ட டிரைவர் இல்ல. இந்த ஆளையும் சேத்து அனுப்புவீகளா?"

"கூட்டிட்டுப் போங்க. எனக்கு இனி எதுக்கு?" என்றார் முதலாளி.

அப்பா முகத்தை நான் பார்த்தேன். சிரிக்கவில்லை. காக்கிச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அம்மாவைப் பார்த்தேன். நிலைப்படியைப் பிடித்திருந்தாள். விரல் வெளுத்திருந்தது.

"சரி, கெளப்பு, சத்தத்தக் கேப்போம்" என்றார் மேலூர்க்காரர்.

அப்பா இரும்புக் கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றினார். ஒன்றும் இல்லை. மறுபடி சுற்றினார். மறுபடி. பேட்டரி வயரைத் தொட்டுப் பார்த்தார். பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. சுற்றினார். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பொறி டப்பாப் பக்கம் அவர் போகவே இல்லை. அதைத்தான் கட்டி மூடியிருந்தாரே.

"என்னய்யா, குளிப்பாட்டுனதுல சளி பிடிச்சிருச்சா?" என்றார் மேலூர்க்காரர். கணக்கப்பிள்ளை பலமாகச் சிரித்தார்.

"பொறி வருதா பாருங்கண்ணே" என்றார் ராவுத்தர். அவரே கவ்வியைத் தட்டி மூடியை எடுத்தார். சாய்த்தார். தண்ணீர் ஒழுகி அவர் செருப்பில் விழுந்தது.

கணக்கப்பிள்ளையின் சிரிப்பு நின்றது.

"மூடாமலா கழுவுனீங்க?" என்று ராவுத்தர் மெதுவாகக் கேட்டார். கேட்கும்போதே மட்கார்டு மேல் கிடந்த டியூபைப் பார்த்துவிட்டார். மூடினதற்கான அடையாளம் அது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அப்பா டியூபைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பிறகு அடுப்படியைப் பார்த்தார்.

அம்மா நிலைப்படியை விட்டு வாசலில் இறங்கினாள். வெளி ஆம்பிளைகள் முன்னால் அவள் வந்து நான் பார்த்ததில்லை. "அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"உள்ள போ" என்றார் அப்பா.

"இல்ல, நான்தான்..."

"பிள்ள அழுவுது. உள்ள போ."

தம்பி அழவில்லை.

அப்பா மேலூர்க்காரர் பக்கம் திரும்பினார். "என் தப்புதான் ஐயா. அவசரத்துல மூட மறந்துட்டேன்."

மேலூர்க்காரர் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். "கை சுத்தமான ஆளுதான். ஆனா மறக்குற ஆளு. எங்க வீட்டுப் பொம்பள பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அம்பது மைல் போவணும். மறக்குற ஆள நான் எப்படி நம்புறது?"

"சரிங்க" என்றார் அப்பா.

அவரே டப்பாவைத் துடைத்தார். அம்மா துணி கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. காக்கிச் சட்டையின் வால் பக்கத்தை எடுத்துத் துடைத்தார். மூடினார். ஒரே சுற்று. என்ஜின் கிளம்பியது. அவ்வளவு நல்ல சத்தம். மேலூர்க்காரர் காரை எடுத்துக்கொண்டார். ராவுத்தர் ஓட்டினார். புறப்படும்போது அப்பாவைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். அப்பாவும் ஆட்டினார். முதலாளி ஜட்காவில் ஏறினார். கணக்கப்பிள்ளை பெட்ரோல் டின்னை ஆட்டிப் பார்த்து, மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அதையும் எடுத்துக்கொண்டு போனார்.

கொட்டகை பெரிதாகத் தெரிந்தது. தரையில் எண்ணெய்க் கறை, கார் நின்ற அளவுக்கு.

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "சோத்தப் போடு" என்றார்.

"வேகல" என்றாள் அம்மா. "சாம்பல் விழுந்திருக்கு."

"போடு."

போட்டாள். நடுவில் அரிசியாக இருந்தது. அப்பா மென்று மென்று தின்றார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஈர அடுப்பைச் சுரண்டிப் புதுச் சாணி மெழுகி, மறுநாள்தான் தீ மூட்டினாள்.

அப்பா அதற்குப் பிறகு கார் ஓட்டவில்லை. கேட்ட இடத்திலெல்லாம், மறதிக்கார ஆள் என்று பேச்சு முன்னால் போயிருந்தது. கணக்கப்பிள்ளை வாய் அப்படி. ஒரு நெசவு மில் வாசலில் காவலுக்குச் சேர்ந்தார். கடைசி வரைக்கும் அந்த வேலைதான். ரோட்டில் கார் நின்றுவிட்டால் இறங்கிப் போய்ப் பார்ப்பார். கை வைக்கமாட்டார்.

இரண்டு பேரும் எங்களுக்காகத்தான் செய்தார்கள். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு அம்மாவை மட்டும் கோபித்தேன். கல்யாணமான பிறகு அப்பாவை மட்டும் கோபித்தேன். இப்போது கோபம் இல்லை.

அம்மா அவரிடம் ஏதாவது சொல்லியிருப்பாளோ என்று நான் ரொம்ப நாள் காது கொடுத்தேன். அவரும் ஏதாவது கேட்பாரோ என்று பார்த்தேன். அம்மா சாகக் கிடந்தபோது பக்கத்திலிருந்து கஞ்சி ஊட்டியவர் அப்பாதான். அப்போதும் நான் தூணோரம் நின்று கேட்டேன். வாய் துடைத்துவிட்டார். தலையணையைச் சரி செய்தார். அந்த மத்தியானத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் ஒரே வீட்டில் வாழ்ந்தது முப்பத்தொரு வருஷம்.